தூரேயின் மூன்றாவது புத்தகம்

இலக்கியக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறோமோ அதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும். ஆட்கள் வர வர உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டால், கூட்டம் நிரம்பி வழிகிறது என்று எழுத்தாளர் நினைத்துக்கொள்வார். அன்றைக்கு அவர் வாசிக்கும் குரலே வேறு மாதிரி இருக்கும். வடகரை எழுத்தாளர் இல்லத்தில் இத்தனை வருடமாக நான் செய்துவந்த வேலையை இதைவிடச் சுருக்கமாக உங்களுக்குச் சொல்ல முடியாது.

நீங்கள் லுமிலாத்திக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று வெளியே இருந்த பெண் சொன்னாள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். துறைமுகத்தை ஒட்டி, கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் தங்கியிருந்த மஞ்சள் நிற மரக்கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்கள் இல்லம். லாபம் பார்க்கிற அமைப்பு இல்லை. இந்தக் கரையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூரை, ஒரு கோப்பை காப்பி, காதுகொடுத்துக் கேட்க நாலு பேர். அதற்காக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் தொடங்கியது. நூலகத்தில் எழுத்து வகுப்பு, முதியோர் விடுதியில் வாசிப்பு, வருடம் ஒரு தொகுப்பு நூல். எதிரே ஹார்மாசாரித் தீவில் எங்களுக்கு ஒரு குடிசையும் உண்டு. ஏதாவது ஓர் எழுத்தாளர் அதில் தங்கி எழுதுவார். நான் செயலாளர். நான் எழுதுவதில்லை. சிறுவயதில் முயன்றேன். எனக்கு வராது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு ரசனை இருந்தது. பலருக்கு அதுகூட இருப்பதில்லை.

தூரே ஓயகங்காஸ் எங்கள் வகுப்புக்கு வந்தபோது மரத்தூள் ஒட்டிய சட்டையோடு வந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி அவரை விட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வகுப்பில் இரண்டு பக்கம் வாசித்தார். மனைவி விட்டுப்போன கையுறை ஒன்று வானொலிப் பெட்டியின் மேல் கிடப்பதைப் பற்றி, அவ்வளவுதான். வாசித்து முடித்த பிறகு யாரும் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. இந்தக் கரையில் இப்படி ஒருவர் பிறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாவல் வந்தது. ஹெல்சிங்கியில் பேசினார்கள். ஜெர்மன்காரர்கள் மொழிபெயர்த்தார்கள். லுமிலாத்தி என்றால் மீன் நாற்றம் என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ரயில் ஏறி வந்து ஆலை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு சில வருடம் ஒன்றும் வரவில்லை. எழுதாமல் இல்லை. எழுதினார், ஆனால் அதில் உயிர் இல்லை. வாக்கியமெல்லாம் ஒழுங்காக இருக்கும். படித்து முடித்ததும் மறந்துபோகும். பிறகு அவருடைய அம்மா இறந்தார். சடங்கு முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் காப்பி கொடுத்தபோது நானும் போயிருந்தேன். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், இப்போது எழுதுவார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். ஆனால் எழுதினார். அம்மாவின் சமையலறையைக் காலி செய்வது பற்றி ஒரு சிறுகதை. நீங்கள் படித்திருக்காவிட்டால் படியுங்கள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிலருக்குக் காலையில் எழுத வரும். சிலருக்கு அமைதியான அறை வேண்டும். எந்த எழுத்தாளருக்கு எது தேவை என்று கண்டுபிடித்து ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் வேலை. தூரேக்குத் தேவைப்பட்டது வேறு மாதிரியான பொருள். அது கிடைக்கிற இடத்தில் கடை கிடையாது.

ஆலையை மூடினார்கள். தூரேக்கு வேலை போயிற்று. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் அவரை எழுத்துப் பயிற்சி ஆசிரியராக எடுத்துக்கொள்ள நினைத்தார்கள். தலைமையாசிரியை எனக்கு போன் செய்தார். நல்ல மனுஷி.

"ஐலி, உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியும். பிள்ளைங்களோட விஷயம், அதனால கேக்கறேன். ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷர்," என்றேன். "ஆனா காலை நேரத்துல எப்படி இருப்பார்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"புரியுது. நல்ல வேளை சொன்னீங்க," என்றார்.

அவர் குடிப்பார் என்று நான் சொல்லவில்லை. யாருடைய காலை நேரத்தைப் பற்றியும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேலை கிடைக்கவில்லை. சின்ன ஊர், தூரே குடிக்கிறார் என்ற பேச்சு எப்படியோ பரவியது. கடையில் பீர் வாங்கக்கூட அவர் கூசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். யார் முகத்திலும் விழிக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்தார். இரண்டாவது நாவல் அப்படித்தான் வந்தது. ஊரே தன்னைத் தப்பாக நினைக்கிறது, ஏன் என்று தெரியாமல் தவிக்கிற ஒரு மனிதனின் கதை. அதற்குப் பரிசு கிடைத்தது. மேடையில் அவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "ஐலி இல்லேன்னா இந்தப் புத்தகம் இல்லை," என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் சொன்னது முழு உண்மை. அன்றைக்கு என் மனசில் இருந்த கொஞ்சநஞ்ச வெட்கமும் போய்விட்டது.

மூன்றாவது புத்தகத்துக்காக அவரைத் தீவுக் குடிசையில் கொண்டுபோய் வைத்தேன். தனிமை நல்லது செய்யும் என்று நினைத்தேன். அங்கே சைமி இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சைமி தீவின் செவிலி. வீடு வீடாகப் போய்க் கிழவர்களுக்கு மாத்திரை கொடுப்பாள், கட்டு மாற்றுவாள். கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் பனிவண்டி. சிவப்புக் கோட்டு. அவள் சிரித்தால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். விறகு வெட்டும்போது தூரே கையில் கோடாரி பட்டுவிட்டது. தையல் போட வந்தாள். தையல் பிரிக்கவும் வந்தாள். பிறகு வருவதற்குக் காரணம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சைமியை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட பெண் இல்லை.

போன பிப்ரவரி வாசிப்புக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். தூரே புதிதாக எழுதியதை வாசித்தார். அடுப்பில் பான்கேக் தீய்ந்துபோனதைப் பற்றி ஒரு கவிதை. ஒரே கொடியில் காயும் இரண்டு பேருடைய காலுறைகளைப் பற்றி இன்னொன்று. ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மட்டமான எழுத்து என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறைந்தவனின் எழுத்து. வாசிக்கும்போது அவர் கண் சைமியை விட்டு நகரவே இல்லை. எங்களுக்காக அவர் வாசிக்கவில்லை.

முடிந்ததும் சைமி ஏலக்காய் ரொட்டித் தட்டோடு என்னிடம் வந்தாள். என்னைத் தலைவியம்மா என்றுதான் கூப்பிடுவாள், கேலியாக.

"தலைவியம்மா, என்ன மூஞ்சி இது? காப்பிப் பால் திரிஞ்சு போச்சா?"

"ஒண்ணுமில்லை. களைப்பு."

"இந்தாங்க, சாப்பிடுங்க. நீங்க சிரிச்சு இந்தக் கட்டடத்துல யாருமே பார்த்ததில்லையாமே. உர்ஹோ சொல்றார். பந்தயம் கட்டியிருக்கேன், கெடுத்துடாதீங்க."

நான் சிரித்தேன். அவள் திரும்பி, "உர்ஹோ, பார்த்தீங்கல்ல? நான் ஜெயிச்சாச்சு!" என்று கத்தினாள். உர்ஹோ எங்கள் இல்லத்தின் பராமரிப்பாளர். கட்டடம், குடிசை, படகு எல்லாம் அவர் பொறுப்பு.

கோட்டு மாட்டிக்கொண்டிருந்த தூரேயிடம் மூன்றாவது நாவல் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.

"அவசரமில்லை, ஐலி."

"ஹெல்சிங்கிப் பதிப்பகத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"கேக்கட்டும். வராமலே போனாலும் போகட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சந்தோஷமா இருக்கேன். இப்படி இருக்கலாம்னு எனக்கு யாரும் சொன்னதே இல்லை."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவருடைய முதல் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதிய மனிதன் எங்கே போனான் என்று யோசித்தேன். நீங்கள் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர். ஒருவர் எல்லோர் கண் முன்னாலும் நடமாடிக்கொண்டே காணாமல் போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைப் பற்றிப் புகார் கொடுக்கவும் முடியாது.

ஏப்ரலுக்கு வருகிறேன்.

குளிர்காலத்தில் எங்கள் துறைமுகத்திலிருந்து தீவுக்குக் கடல் உறைந்து கிடக்கும். அதன் மேல் ஊசியிலை மரக் கிளைகளை வரிசையாக நட்டு உர்ஹோ வழி போட்டு வைப்பார். கிளை நிற்கிற இடத்தில் போகலாம் என்று அர்த்தம். அது எங்கள் இல்லத்தின் வழி, குறுக்குவழி. நடுவில் ஒரு பாறைத்திட்டு வரும். வடக்கே சுற்றிப் போக இன்னொரு வழி உண்டு, தூரம் அதிகம்.

அந்த வாரம் உர்ஹோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் போன் செய்தார். பேசும்போதே முனகினார்.

"ஐலி, நேத்து திட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். நீரோட்டம் அடியில அரிச்சுட்டுது. மேல புதுசா பனி விழுந்து மூடியிருக்கு, பார்த்தா ஒண்ணும் தெரியாது. நேத்தே கிளையைப் பிடுங்கியிருப்பேன், குனிஞ்சவன் நிமிர முடியலை. இன்னிக்கு யாரையாவது அனுப்பி எல்லாத்தையும் பிடுங்கிடு. கிளை நின்னா ஜனங்க போவாங்க."

"நான் பார்த்துக்கறேன்."

"மறந்துடாதே."

"நான் என்னிக்கு எதை மறந்திருக்கேன், உர்ஹோ? நீ படுத்துக்கோ."

மீட்புப் படையிலிருந்து ஆளை அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பூட்ஸ்கூட மாட்டிவிட்டேன், நானே போய்க் கரையோரக் கிளைகளையாவது பிடுங்கிப் போட்டு வழியை அடைத்துவிடலாம் என்று. அப்போது கணினியில் தூரேயிடமிருந்து ஒரு கவிதை வந்திருப்பதைப் பார்த்தேன். தொகுப்பு நூலுக்காக அனுப்பியிருந்தார். சைமி தூக்கத்தில் பேசுவதைப் பற்றி. பூட்ஸோடு உட்கார்ந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த வழக்கில் நான் செய்தது என்று பெரும்பாலும் எதுவும் இல்லை என்பதைக் கவனிப்பீர்கள்.

மத்தியானம் சைமி போன் செய்தாள். ஊருக்குள் வந்திருந்தாள்.

"தலைவியம்மா, இன்னிக்கு தூரே பிறந்தநாள். கேக் வாங்கியிருக்கேன், க்ரீம் கேக். வரும்போது வடக்குக் கரையில மருந்து எடுக்க வேண்டியிருந்தது, அதனால சுத்தி வந்தேன். சுத்திப் போனா குலுங்கிக் குலுங்கிக் கேக் களியாயிடும். உங்க வழி எப்படி இருக்கு? திட்டுப் பக்கமா போயிடலாமா?"

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"கிளையெல்லாம் நிக்குது. இங்கேயிருந்தே தெரியுது."

"உர்ஹோ பார்த்தாரா?"

"நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தார்."

"அப்ப சரி. உங்களுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கவா?"

"வை," என்றேன்.

இதில் எதுவும் பொய் இல்லை. கிளைகள் நின்றுகொண்டுதான் இருந்தன. உர்ஹோ போய்ப் பார்த்துத்தான் வந்தார். போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பெண், தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

உங்கள் துறையில் அப்போது இருந்தவர்கள் விபத்து என்று முடித்துவிட்டார்கள். கிளையைப் பிடுங்க யாரையும் அனுப்பினேனா என்று என்னைக் கேட்டார்கள். சொல்லி வைத்திருந்தேன், ஆள் வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றேன். அது ஒன்று பொய். உர்ஹோ இன்னும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். முனகிக்கொண்டாவது தானே போயிருக்க வேண்டுமாம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜன்னலைப் பற்றி நீங்கள் கேட்கப்போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. ஆமாம், நின்று பார்த்தேன். நல்ல வெயில். சிவப்புக் கோட்டு கிளைகளின் ஓரமாகவே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திட்டுக்குப் பக்கத்தில் வண்டியைக் காணோம். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சிவப்பு மட்டும் தெரிந்தது. இங்கே எல்லோரும் கழுத்தில் இரண்டு பனி ஊசிகளை மாட்டியிருப்பார்கள். விழுந்தால் குத்தி ஏறுவதற்கு. அவளும் மாட்டியிருந்தாள். முழங்கை வரை மேலே வந்தாள். விளிம்பு உடைந்தது. மறுபடியும் வந்தாள். பலசாலிப் பெண்.

போன் என் கையில்தான் இருந்தது. மீட்புப் படையின் நிலையம் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த தெரு. ஏன் அழுத்தவில்லை என்று நானும் பிறகு யோசித்துப் பார்த்தேன். பயத்தில் உறைந்துபோனேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் பதறவே இல்லை. தீவுக் குடிசையின் ஜன்னலும் இந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது. பிறந்தநாள், தூரே அங்கே நின்று வழி பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் எப்படிப் பார்ப்பார், என்னென்ன வார்த்தைகளில் பார்ப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான் மீட்புப் படையைக் கூப்பிட்டார். ஏணியை இழுத்துக்கொண்டு பனியின் மேல் ஊர்ந்து வந்து அவளை வெளியே இழுத்தவரும் அவர்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பிறகு அவரை நான் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சால்மன் சூப் வைத்து எடுத்துப் போனேன். பத்திரிகைக்காரர்களை அண்டவிடவில்லை. குடிசையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அவர் இருக்கலாம் என்று கமிட்டியில் பேசி முடிவெடுக்க வைத்தேன். அவர் மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டேன், வெளிச்சம் மட்டும் விழுகிற மாதிரி. வசந்தம் போயிற்று, கோடையும் போயிற்று. அவசரப்படுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் சூப்போடு போனேன். அவர் வீட்டில் இல்லை. சைமி பார்த்துக்கொண்ட கிழவர்களின் வீடுகளுக்கு இப்போது அவர் போகிறார். விறகு எடுத்து வைக்கிறார், செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். மேசையைக் காணவில்லை. கேட்டேன்.

"தென்முனைக் கிழவர் வீட்டுல சாப்பிட மேசை இல்லை. குடுத்துட்டேன்."

"எதுல எழுதுவீங்க?"

"எழுதலை, ஐலி."

"இப்ப வேணாம். மெதுவா…"

"மெதுவாவும் இல்லை." சூப்பை ஊற்றி என் பக்கம் ஒரு கிண்ணத்தைத் தள்ளினார். "எல்லாரும் எதிர்பார்க்கறாங்க, தெரியுது. நீங்களும்தான். ஆனா அவளை நான் கதையாக்க மாட்டேன். அம்மாவை ஆக்கினேன், பெண்டாட்டியை ஆக்கினேன். இவளை மாட்டேன். இவ என்னோட சரக்கு இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது எனக்குப் பழக்கமில்லை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"அழாதீங்க. அவளுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். உங்களைச் சிரிக்க வெச்சதைச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுபோவா."

சைமிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அத்தனையும் வீணாகிவிட்டதே என்றுதான் அழுதேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. உங்களிடம் இருப்பது முடிந்துபோன வழக்கு. நானாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இப்போது என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளாதீர்கள்; ராத்திரி நன்றாகத்தான் தூங்குகிறேன். எனக்குத் தோன்றியது இதுதான்: துக்கம் அவரை மூடிவிட்டது. பனி உடைந்து ஒருத்தி செத்தாள் என்றால் அதில் யாரைக் கேட்பது? கடலிடம் எதையும் கேட்க முடியாது. அவருக்கு ஓர் ஆள் வேண்டும். ஏன் செய்தாய் என்று கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகம் அவருக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்த முகமாக இருந்தால், அதிலிருந்து அவரால் தப்பிக்க முடியாது. யோசித்துப் பாருங்கள், இதுவரை யாருக்காவது இப்படி ஒரு பொருள் கிடைத்திருக்கிறதா?

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். வழி திறந்திருக்கிறது என்று நம்பவைத்து அவளை அனுப்பினேன். அவள் சாவதை நின்று பார்த்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் தீவுக்குப் போய் அவரிடம் சொல்லும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். சொன்னவுடன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கிளம்பி வந்துவிடுங்கள். இந்தப் பையில் தாள்கட்டு இருக்கிறது, கோடு போடாதது, அவருக்குப் பழக்கமான வகை. போகும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். செய்ததற்கெல்லாம் பெயர் வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.